கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்

மொக்தார் டஹாரி மலேசியாவுக்காக அடித்த கோல்கள் 89. ஃபிஃபாவே ஒப்புக்கொண்ட கணக்கு அது. சோ சின் அவுன் நாட்டுக்காக 195 முறை திடலில் இறங்கினார் என்பதும் பதிவில் இருக்கிறது. தேடுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் அவர்களோடு ஆடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம் எத்தனை பந்தைத் தடுத்தார் என்று யாரிடம் போய்க் கேட்பது? தடுத்த பந்துக்குக் கணக்கு எழுதும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. மறுநாள் பத்திரிகையில் 2-0 என்று வரும். அந்த இரண்டை அடித்தவர்களின் பெயர் நிமிடத்தோடு அச்சாகும். அந்தப் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே காப்பாற்றிக் கொடுத்தவருக்கு, கட்டுரையாளர் மனம் வைத்தால் ஒரு வரி.

அந்த ஒரு வரிக்கு வெளியே நடந்ததெல்லாம் அன்று நேரில் பார்த்தவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களில் நானும் ஒருவன். எங்கள் வயதுக்காரர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள், எங்களை அரங்கத்துக்கு அழைத்துப் போன அண்ணன்மார் பலர் இன்று இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சிலாங்கூர் மாநிலத்தில் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, மதியம் ரப்பர் பால் நிறுத்து முடியும், மாலையில் திடல். ஒவ்வொரு தோட்டத்திலும் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்ததுபோல ஒரு பந்துத் திடலும் இருந்தது. பழைய ரப்பர் மரத்துக் கம்புகளைக் கோல் கம்பமாக நட்டிருப்போம். பூட்ஸ் போட்டவன் பெரிய ஆள், மற்றவர்களுக்கு வெறுங்கால்தான். தீபாவளி முடிந்ததும் பக்கத்துத் தோட்டங்களோடு எழுவர் ஆட்டம் நடக்கும். கிண்ணத்தை யார் ஜெயித்தாலும் கடைசியில் கோழிக்கறியும் சோறும் எல்லாருக்கும் உண்டு. செம்மண் தரையில் விழுந்து பந்தைப் பிடிக்கும் பையனை, அவன் பெயர் என்னவாக இருந்தாலும், ஊரே "டேய் ஆறுமுகம்" என்றுதான் கூப்பிடும். என்னையும் கொஞ்ச காலம் அப்படிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெருமை இன்னும் எனக்குள் இருக்கிறது.

மொக்தார்தான் நாட்டின் நாயகன். 'சூப்பர்மொக்' என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 1978இல் இங்கிலாந்து 'பி' அணி கோலாலம்பூர் வந்தபோது மெர்டேகா அரங்கத்தில் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. நம் கோலை அடித்தவர் அவர். தடுக்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துவிட்டு ஓடிய அந்த ஓட்டத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. அவரைக் கொண்டாடாத வீடு கிடையாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் கொண்டாடினோம். ஆனால் எங்கள் அத்தை வானொலிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது வேறொன்று: "இன்னிக்கு ஆறுமுகம் இருக்கானா?"

இருக்கிறார் என்றால்தான் அத்தை வெற்றிலையை மடிப்பார். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அரங்கத்துக்குள் கால் வைத்ததில்லை. படித்ததில்லை, மலாயில் கடைப் பேச்சு மட்டும் தெரியும். ஆனால் ஆறுமுகம் ஆடிய சிலாங்கூர் மாநில அணியின் பதினோரு பேரையும் இடத்தோடு சொல்வார். அரசு வானொலியான ஆர்டிஎம் அறிவிப்பாளர் மலாய் வாடையோடு ஆறுமுகத்தின் பெயரை இழுத்துச் சொல்லும்போது, பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமலே அத்தை "பிடிச்சிட்டான்" என்பார். பெரும்பாலும் பிடித்தும் இருப்பார். மரம் சீவுகிற, பால் வாளி சுமக்கிற ஜனங்களுக்கு, முழு நாடும் கேட்கும் வானொலியில் நம்மைப் போன்ற ஒரு பெயர் திரும்பத் திரும்ப ஒலித்ததில் இருந்த நிறைவு சொல்லில் அடங்காது. அவர் எங்களுக்காக மட்டும் ஆடவில்லை, மலேசியாவுக்கு ஆடினார். எங்கள் பெருமையே அதில்தான் இருந்தது.

அவருக்கு முன்பும் நம்மவர்கள் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என்று வென்றுவிட்டு வந்தது அந்த அணி. எம். சந்திரன் அதில் தற்காப்பு ஆட்டக்காரர். அந்த ஆட்டங்கள் எனக்கு நினைவில்லை, சின்னப் பையன். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வந்ததும் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். என் கண்ணால் பார்த்த காற்பந்து எழுபதுகளின் பிற்பாதியில் தொடங்குகிறது.

தோட்டத்திலிருந்து அரங்கத்துக்குப் போவதே ஒரு நாள் வேலை. அண்ணன்மார் மதியமே குளித்துத் தலைவாரிக் கிளம்பிவிடுவார்கள். கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொன்று. இறங்கி பெட்டாலிங் தெரு வழியாக நடந்து மேட்டில் ஏறினால் மெர்டேகா அரங்கத்தின் விளக்குக் கோபுரங்கள் தெரியும். 1957 ஆகஸ்டு 31இல் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேகா", அதாவது விடுதலை, என்று முழங்கிய அதே இடம். முகமது அலி குத்துச்சண்டையில் ஜோ பக்னரோடு மோதியதும் அங்கேதான், 1975இல். ஆனால் எங்களுக்கு அது மாநில அணிகளும் சிங்கப்பூரும் மோதும் மலேசியக் கிண்ணத்தின் இடம். வாசலில் நம் ஆள் ஒருவர் கச்சான் விற்பார். பழைய பள்ளிப் புத்தகத்தின் தாளைக் கூம்பாகச் சுருட்டி, சூடான கடலையை நிரப்பிக் கொடுப்பார். தின்று முடித்ததும் யாரோ ஒரு மாணவனின் கணக்கு வீட்டுப்பாடம் கையில் மிஞ்சும்.

நல்ல இருக்கைக்குக் காசு கிடையாது. மலிவான இடம் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுப் படிகள். கூரை இல்லை. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். கோலாலம்பூரில் சாயங்கால மழை வராத நாள் ஏது? அங்கே உட்கார்ந்தால் ஆட்டத்தின் பாதி தெரியாது. எதிர்க்கோலில் நடப்பதைக் கூட்டத்தின் கத்தலை வைத்துத்தான் புரிந்துகொள்வோம். ஆனால் நம் பக்கத்துக் கோலைக் காப்பவரின் முதுகும் காலும் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். பெரிய மனிதர்கள் உட்காரும் மேடையிலிருந்து ஒருவர் ஆறுமுகத்தின் கையைப் பார்த்திருப்பார். நாங்கள் காலைப் பார்த்தோம்.

நீண்ட கைகளுக்காக அவரை 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். கைகள் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து பார்த்தவனுக்குத் தெரியும், அவருடைய வேலையில் பெரும்பகுதி பந்து வருமுன்பே காலில் முடிந்துவிடும். எதிரணி ஓரத்தில் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கும் நேரத்தில் அவர் கோல் கோட்டின்மேல் சின்னச் சின்ன அடியாக நகர்ந்துகொண்டே இருப்பார். அரை அடி இந்தப் பக்கம், கால் அடி அந்தப் பக்கம். மழைநாளில் கோல் வாய் சேறாகிவிடும். பூட்ஸ் நுனியால் சேற்றைக் கீறி, தான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிடிமானம் ஏற்படுத்திக்கொள்வார். அதைச் செய்துகொண்டே முன்னால் நிற்கிற தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் ஏதோ கத்துவார். அடுத்த நாள் தோட்டத் திடலில் நானும் அதே மாதிரி சேற்றைக் கீறினேன்.

ஒரு மலேசியக் கிண்ண ஆட்டம். ஆண்டும் எதிரணியும் பற்றி எங்கள் கூட்டத்தில் இன்னும் வழக்கு தீரவில்லை, அதனால் எழுதாமல் விடுகிறேன். மழை விட்டு அரை மணி இருக்கும். வலது ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. எதிரணி ஆட்டக்காரர் எழும்பி, தலையால் கீழ்நோக்கிக் குத்தினார். நல்ல தலைமுட்டு அப்படித்தான் இருக்க வேண்டும், தரையில் பட்டு எழும்பும்போது பிடிக்க முடியாது. ஆறுமுகம் அதற்குள் எதிர்ப்பக்கம் ஓரடி வைத்துவிட்டார். உடல் எடை முழுவதும் அந்தக் காலில். எங்கள் படியில் இருந்த எல்லாரும் "போச்சு" என்று எழுந்துவிட்டோம். அந்தக் காலையே ஊன்றித் திரும்பி, பின்னால் விழுந்துகொண்டே ஒரு கையை நீட்டினார். விரல் நுனி பட்டது. பந்து கம்பத்தில் மோதிய சத்தம் எங்கள் படிவரை கேட்டது, கோட்டைத் தாண்டி வெளியே போனது. ஒரு கணம் கூட்டத்துக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. பிறகு எழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்ற அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டார், என் கச்சான் முழுக்கக் கொட்டிவிட்டது. ஆறுமுகம் எழுந்தார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தார். தற்காப்பு ஆட்டக்காரர் சந்தோக் சிங்கைப் பார்த்து, கார்னருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கை காட்டினார். அவ்வளவுதான். அந்தத் தடுப்பு எந்த ஏட்டிலும் இல்லை.

அந்தக் காலத்தில் மலேசியக் கிண்ணம் என்றாலே சிலாங்கூருக்கும் சிங்கப்பூருக்கும் நடக்கும் போர். 1975 முதல் 1981 வரை நடந்த ஏழு இறுதியாட்டங்களில் ஆறில் இந்த இரண்டு அணிகள்தான் மோதின. 1975, 76, 78, 79, 81இல் சிலாங்கூர் ஜெயித்தது. 1980இல் சிங்கப்பூர். நடுவில் 1977இல் மட்டும் சிங்கப்பூரை எதிர்த்து பினாங்கு வந்தது.

எங்கள் மாமா ஒருவர் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனவர். போனவர் மனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. விடுமுறைக்கு வந்தால் லயத்து வாசலில் அவருக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம் நடு இரவுவரை போகும். "உங்ககிட்ட ஆறுமுகம் இருந்தா எங்ககிட்ட சமாட் அல்லாப்பிச்சை இருக்கார்ல? ராஜகோபால் இருக்கார்ல?" என்று கேட்பார். 1977 இறுதியாட்டத்தை அவர் சொல்லி நான் கேட்டது எத்தனை முறையோ. மெர்டேகா அரங்கத்தில் கூடுதல் நேரம்வரை போன ஆட்டம். குவா கிம் சோங் அடித்த கோலில் சிங்கப்பூர் 3-2 என்று வென்றது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த கிண்ணம். அப்போது அரங்கத்தில் எல்லை தாண்டி வந்த சிங்கப்பூர்க்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததாகச் சொல்லும்போது மாமாவின் குரலும் கம்மும். 1980இல் ஃபண்டி அகமது என்ற பதின்ம வயதுப் பையன் கோல் அடித்து எங்களிடமிருந்து கிண்ணத்தைப் பறித்தபோது நான் இரண்டு நாள் மாமா பெயரைக்கூட எடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாமா ஆறுமுகத்தை ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை. "அவன் நிக்கிற கோல்ல அடிச்சாத்தான்டா அது கோலு" என்பார். எதிரணி ரசிகனின் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சை எந்தப் பதக்கத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.

1980 என்றதும் எங்கள் தலைமுறைக்கு முதலில் நினைவு வருவது அந்தக் கிண்ணத் தோல்வி அல்ல. ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றின் இறுதி. மெர்டேகா அரங்கம், எதிரே தென் கொரியா.

அன்று எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அண்ணன்மார் காலையிலேயே போய்விட்டார்கள். தோட்டத்தில் எஞ்சிய நாங்கள், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டு வாசலில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்தோம். அத்தை முன்வரிசை. ஆட்டம் 1-1இல் நின்று, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கொரியாக்காரர்கள் விடாமல் அழுத்தினார்கள். அறிவிப்பாளர் மூச்சு வாங்கிக்கொண்டு ஆறுமுகம், சந்தோக், சோ சின் அவுன் என்று அதே மூன்று பெயரைச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். பந்து நம் கோல் பக்கத்தை விட்டுப் போகவே இல்லை என்று அதிலிருந்தே புரிந்தது. அத்தை வெற்றிலை போடவில்லை. பிறகு திடீரென்று ஹசான் சானியின் பெயர். அவர் ஓட ஆரம்பித்தால் யாருக்கும் அகப்பட மாட்டார். அவர் தள்ளிக் கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். இரண்டு பேரும் சபாவிலிருந்து வந்தவர்கள். 2-1. அதற்குப் பிறகு அறிவிப்பாளர் சொன்னது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. மண்டோர், அதட்டலைத் தவிர வேறு எதையும் நாங்கள் அவரிடம் கேட்டதில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் ஆடினார். சீனர் கடைக்காரர் சைக்கிளில் வந்து பிள்ளைகளுக்குச் சோடா கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அந்த அணி மாஸ்கோ போகவில்லை. சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளில் மலேசியாவும் சேர்ந்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. அந்த முடிவின் அரசியலைப் பற்றி இன்று எனக்குத் தெளிவான கருத்து உண்டு: ஒரு நாட்டின் மேல் இருக்கும் கோபத்துக்கு, ஆண்டுக்கணக்கில் உடம்பை வருத்திய இளைஞர்களை விலையாகக் கொடுத்திருக்கக் கூடாது. நான்கு ஆண்டு கழித்து அடுத்த வாய்ப்பு வரும் என்று பெரியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

மாஸ்கோவில் ஆறுமுகம் எப்படி ஆடியிருப்பார் என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு வரும். பேசிப் பயனில்லைதான். ஆனாலும் பேசுவோம். உலகம் பார்த்திருக்க வேண்டிய ஒருவரை, எங்கள் சிமெண்டுப் படிகளும் இன்னும் சில ஆசிய அரங்கங்களும் மட்டும் பார்த்தன என்ற ஆற்றாமை அது.

1988 டிசம்பர் 18இல் கார் விபத்தில் அவர் இறந்தார். வயது 35. அப்போது நான் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு இருந்தேன். எங்கள் வரிசையில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் இருந்தார்கள். செய்தி வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. தோட்டத்துக்குப் போனபோது அத்தை, பள்ளி நோட்டில் நான் ஒட்டி வைத்திருந்த, 'தமிழ் நேசன்' நாளிதழில் வந்த ஆறுமுகத்தின் படத்தைக் கேட்டு வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். மூன்று ஆண்டு கழியுமுன் 1991 ஜூலையில் மொக்தாரும் போனார். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கொடிய நோய். அவருக்கு வயது 37. முன்னால் நின்று அடித்தவரும் பின்னால் நின்று காத்தவரும் நாற்பதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன். மனம் அதில் நிற்பதில்லை. 1994-95இல் ஆட்ட நிர்ணய ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேலான ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள். சிங்கப்பூர் 1994இல் கிண்ணத்தை வென்ற கையோடு போட்டியை விட்டே விலகியது. லயத்து வாசல் வாக்குவாதங்களும் அத்தோடு போயின. 2010இல் கே. ராஜகோபால் (மாமா சொன்ன சிங்கப்பூர் ராஜகோபால் அல்ல, இவர் சிலாங்கூருக்கு ஆடியவர்) மலேசிய அணியின் பயிற்சியாளராக இருந்து, இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வீழ்த்தி, ஆசியான் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது மறுபடி ஒருமுறை கத்தினேன். அவர் ஆட்டக்காரராகத் திடலில் இருந்த காலத்தில் அவரைப் பார்த்தவர்கள் நாங்கள்.

எங்கள் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. திடல் இருந்த இடத்தில் கடைவீடுகள். பழைய ஆட்கள் கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்திக்கிறோம். ஒருவர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் இன்னும் பாதுகாவலர் வேலை பார்க்கிறார். கொஞ்ச நாளாகக் கைப்பேசியை மேசையில் வைத்து, அவர்கள் சொல்லும் ஒவ்வொரு தடுப்பையும் பதிவு செய்கிறேன். எந்த அரங்கம், எந்தக் கோல், மழையா வெயிலா, பந்து எங்கிருந்து வந்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்டு வாங்குகிறேன். ஆசிரியர் முதலில் கூச்சப்பட்டார். இப்போது வீட்டிலிருந்தே தாளில் படம் வரைந்து எடுத்து வருகிறார்: அம்புக்குறி, புள்ளி, பெனால்டிக் கட்டம், எல்லாம் சுத்தமாக. உங்கள் வீட்டில் அந்தக் காலத்து அரங்கப் படிகளில் உட்கார்ந்த தாத்தாவோ மாமாவோ இருந்தால் நீங்களும் கேளுங்கள். கோலைப் பற்றி அவர்களே சொல்வார்கள். தடுத்ததைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மேலே எழுதினேனே, அந்த மழைநாள் தடுப்பு. அது இடது கை என்கிறேன் நான். லோரிக்காரர் வலது கை என்று சத்தியம் செய்கிறார். ஆசிரியரின் படத்தில் இரண்டு கைக்கும் இடம் இருக்கிறது. அன்று எங்களுக்கு நேர் எதிர்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்த ஒருவர் இப்போது போர்ட் கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை லோரிக்காரர் காரில் கூட்டி வருகிறார்.